டாஸுக்குள் குடியிருந்தவள்

ஸ்ரீவில்லிபுத்தூர்
5.8.1996

தங்கபாய்க்கு,

நலமறிய ஆவல் என்று ஆரம்பிப்பதுதான் முறை. நீ கிளம்பிப் போன விதத்தை நினைத்தால் அதை எழுத எனக்குக் கை வரவில்லை.

உன் அப்பாவிடம் நீ எப்படிச் சொல்லி வைத்திருக்கிறாயோ தெரியாது. அவர் இதைப் படித்தாலும் படிக்கட்டும் என்று நடந்ததை நானே எழுதுகிறேன். மில்லில் இருந்த யூனிக்ஸ் கம்ப்யூட்டர் மெஷினை ஏலத்தில் தள்ளிவிட்டு, ஆட்களின் வருகைக் கணக்கை வெளியே கொடுக்கலாம் என்று முடிவு செய்தார்கள். அந்த வேலையை நம் கம்ப்யூட்டர் கடைக்கு வாங்கி வந்தவன் நான். ஆறு வருஷம் அந்த யூனிக்ஸோடு குப்பை கொட்டியவள் நீ என்பதால், நீயும் மில்லை விட்டுவிட்டு நம் கடைக்கே வந்து உட்கார்ந்தாய். வந்தவள் சும்மா வரவில்லை. என் மெஷின் பேசுவது டாஸ். யூனிக்ஸ் கருவிகளை அந்த டாஸுக்குள்ளேயே ஓட்டலாம் என்று யாரோ எழுதி வைத்த சாமான்களை ஒரு ஃபிளாப்பியில் கொண்டுவந்து என் மெஷினில் ஏற்றினாய். நான் தடுக்கவில்லை.

இப்போது என்ன ஆயிற்று? முதல் மாதக் கணக்கிலேயே, ஜூலையில், இரவு ஷிப்டு முழுக்கக் காணோம். மில்லில் வருகைப் பதிவு பார்க்கும் டைம் ஆபீஸ் சங்கரலிங்கம் சார் கடைக்கே வந்து நின்று கேட்கிறார். நான் என்ன சொல்வேன்? "சார், இது அவ கொண்டாந்த சாமானால வந்த வினை" என்று சொன்னேன். அவர் பார்க்கவே அதையெல்லாம் அழித்தேன். அதற்கு இப்படியா பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுவார்கள்?

அந்தப் பையில் ஃபிளாப்பி டப்பா இருக்கிறது. ஜூலைக் கணக்கு வந்த ஃபிளாப்பியும் அதில்தான். மில்லில் பழைய மெஷின் இல்லை. வருகைக் கார்டுகளைப் பார்த்துத் திரும்ப அடிக்க ஆளும் இல்லை, நேரமும் இல்லை. பதிலி ஆட்களை நிரந்தரமாக்குகிற பட்டியலை மாதக் கடைசியில் மூடுகிறார்கள். இரவு ஷிப்டு கிடைக்காவிட்டால் அந்த ஆட்கள் ஜூலையில் வேலைக்கே வராதவர்கள் என்று ஆகிவிடும். அப்புறம் மில் வேலையும் நம் கையில் தங்காது.

அந்தப் பதிலி ஆட்களில் ஒருவரான கூமாப்பட்டி பால்பாண்டி அண்ணன் இரவு ஷிப்டுக்கு மில் வேனில் ராஜபாளையம் வரும்போது இதைக் கொண்டுவருவார். காலையில் திரும்பும்போது ஃபிளாப்பியைக் கொடுத்தனுப்பு. உன் பக்கத்து வீட்டுப் போனில் பேசினால் தெரு முழுக்கக் கேட்கும். அதனால்தான் கடிதம்.

பொன்னுராஜ்


ராஜபாளையம்
6.8.1996

அத்தானுக்கு,

அப்பா படித்துவிட்டார், நீங்கள் ஆசைப்பட்டபடியே. "மாப்பிள்ளை கோர்வையாத்தாம்மா எழுதுதாரு. ஒரு இடத்துலயும் அன்பத்தான் காணோம்" என்று சொல்லிவிட்டு மீன் வாங்கப் போனார்.

நீங்கள் அழித்ததற்காக நான் பஸ் ஏறவில்லை. அழித்ததைத் திரும்ப ஏற்றிக்கொள்ளலாம், மூல ஃபிளாப்பி என்னிடம் இருக்கிறது. சங்கரலிங்கம் சார் முன்னால், "ஏட்டி, இது என் மெஷினு. இதுல என் சாமான் மட்டுந்தான் இருக்கணும்" என்றீர்களே, அதற்காகத்தான் ஏறினேன். அந்த மனிதரிடம் ஆறு வருஷம் வேலை பார்த்திருக்கிறேன். ஒரு நாளும் அவர் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. அவர் தலையைக் குனிந்துகொண்டதைக் கவனித்தீர்களா? நான் கவனித்தேன்.

அந்தச் சாமான் உங்களிடம் அப்படி என்ன கேட்டது? டிஸ்கில் ஒரு மூலையில் ஒரு டைரக்டரி, என் சாமான்களுக்குத் தனி அறை மாதிரி. ஒரு பெயரைச் சொன்னால் எத்தனை ஆயிரம் வரியிலும் தேடி எடுக்கும் கிரெப். வரிசைப்படுத்த ஒன்று, கூட்டிக் கழிக்க ஒன்று. எல்லாம் யூனிக்ஸில் என் விரலுக்குப் பழகியவை. சுற்றிலும் உங்கள் டாஸ்தான். நான் உட்காரும் இடத்தில் மட்டும் என் பாஷை. அது கூட உங்களுக்குப் பொறுக்கவில்லை.

இங்கே வந்தும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மில் சங்கு ஊதும்போதெல்லாம் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன், ஏதோ எனக்கு ஷிப்டு இருப்பது போல. மாடிக்குப் போகிறேன், இறங்குகிறேன், அரிசியைப் புடைக்க எடுத்துப் பாதியில் வைத்துவிடுகிறேன். "ஒரு எடத்துல இருக்க மாட்டியாட்டி, பாக்க எனக்கே கிறுகிறுங்கு" என்று அம்மா சத்தம் போடுகிறாள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், நாளைக்கு மறைத்தேன் என்ற பேச்சு வேண்டாம். என்னோடு படித்தவள் மெட்ராஸில் ஒரு கம்பெனியில் இருக்கிறாள். அங்கே யூனிக்ஸ் தெரிந்த ஆள் வேண்டுமாம். வருகிறேனா இல்லையா என்று மாதக் கடைசிக்குள் நான் பதில் எழுத வேண்டும். எழுதுவேன் என்று சொல்லியிருக்கிறேன்.

என் கருவிகள் எதையும் தின்னவில்லை. அதை நீங்களே பார்க்க வேண்டும். அதனால் கருவிகள் இருக்கும் ஃபிளாப்பியை மட்டும் கொடுத்தனுப்புகிறேன். கணக்கு ஃபிளாப்பி என்னிடமே இருக்கும். ஏற்றிவிட்டு, தனித்தாளில் எழுதியிருக்கும் கமாண்டை அப்படியே அடியுங்கள். உங்கள் மெஷினில் இருக்கிற ஜூலைக் கணக்கில் பால்பாண்டி அண்ணன் பெயரை அது தேடும். என்ன வருகிறது என்று எழுதுங்கள். கமாண்டில் வரும் சாய்கோடு மட்டும் உங்கள் டாஸில் சாய்கிற பக்கம் அல்ல, எதிர்ப்பக்கம் சாய வேண்டும்.

தங்கபாய்


ஸ்ரீவில்லிபுத்தூர்
8.8.1996

தங்கபாய்க்கு,

ஏற்றினேன். அழித்தவனே ஏற்றும்போது எப்படி இருந்தது என்று நீ கேட்கமாட்டாய், நானும் சொல்லமாட்டேன்.

சாய்கோடு பழைய பக்கமே சாய்ந்துகொண்டிருந்தது. விரல் கேட்கவில்லை. கடைசியில் சரியாக அடித்தேன். செத்த நேரம் டிஸ்க் விளக்கு எரிந்தது. பிறகு ஒன்றுமே வரவில்லை. பிழை என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கர்சர் வந்து நின்று கண்ணைச் சிமிட்டியது, அவ்வளவுதான். திரும்ப அடித்தேன், திரும்பவும் அதே மௌனம். உன் கருவிகளும் உன்னை மாதிரியே இருக்கின்றன. வாயைத் திறப்பதில்லை, நாமாகப் புரிந்துகொள்ள வேண்டும்.

சங்கரலிங்கம் சார் தினமும் போன் செய்கிறார். "அந்தப் பிள்ள வந்துட்டாளாய்யா?" என்றுதான் முதலில் கேட்கிறார், கணக்கைப் பற்றி அப்புறம்தான். அம்மா உன்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் ராத்திரி உன் தட்டையும் சேர்த்து எடுத்து வைக்கிறாள், பிறகு அதைத் திரும்ப உள்ளே கொண்டுபோகிறாள்.

மெட்ராஸ் விஷயம் உன் இஷ்டம். நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. இந்த வரியை எழுதிவிட்டு வைத்தியநாத சுவாமி கோயில் வாசல் வரை நடந்து போய்விட்டு வந்தேன். திரும்பி வந்து பார்த்தாலும் அதே வரிதான் இருக்கிறது. பேனாவால் எழுதியதை என்ன செய்ய?

பொன்னுராஜ்


ராஜபாளையம்
10.8.1996, காலை

அத்தானுக்கு,

கிரெப் பேசாமல் இருந்தால் அந்தப் பெயர் அங்கே இல்லை என்று அர்த்தம். இருப்பதைக் காட்டும், இல்லாததற்குப் புலம்பாது. யூனிக்ஸில் பழகியவர்களுக்கு அது மரியாதை. உங்களுக்கு அது மூஞ்சியைத் தூக்குவது போலத் தெரிகிறது.

மூஞ்சியைத் தூக்குவது என்றால் என்ன என்று நான் உங்கள் வீட்டில்தான் கற்றுக்கொண்டேன். கல்யாணமான முதல் வாரம் முன்னறையில் இருந்த பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து வேதப் புத்தகம் வாசித்தேன். அன்றிலிருந்து அத்தை என்னோடு பேசவில்லை. நீங்களும் சாப்பிடும்போது சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். என்ன தப்புச் செய்தேன் என்று தெரியாமல் அத்தனை நாளும் ஒவ்வொரு பாத்திரமாகத் தேய்த்துத் தேய்த்து வைத்தேன். மாமா இறந்த பிறகு அந்த நாற்காலியில் யாரும் உட்காருவதில்லை என்று எதிர்வீட்டுக்காரிதான் கடைசியில் சொன்னாள். "இதுல உக்காராதம்மா" என்று ஒரு வார்த்தை, அம்புட்டுத்தான். அதைச் சொல்ல உங்கள் வீட்டில் ஆளில்லை. நான் வாயைத் திறப்பதில்லை என்கிறீர்களே, உங்கள் வீட்டில் யார் திறந்தார்கள்?

இதையெல்லாம் எழுத நினைக்கவில்லை. பால்பாண்டி அண்ணன் ஷிப்டு முடிந்து வந்து வாசலில் நிற்கிறார். தெருமுனையில் வேன்காரர் ஹாரன் அடிக்கிறார். அவசரத்தில் மனதில் இருப்பதெல்லாம் கைக்கு வந்துவிடுகிறது.

அவர் இன்று சும்மா நிற்கவில்லை. "தங்கச்சி, நீங்க ரெண்டு பேரும் சண்ட போடுங்க, நான் வேண்டாங்கல. எங்க ஷிப்டு எங்க கெடக்குன்னு மட்டும் சொல்லிருங்க. ராத்திரி பூராம் நின்னு வேல பாத்துருக்கேன், வரவே இல்லன்னா எப்படி?" என்று கேட்டார். டப்பாவைத் திறந்து ஃபிளாப்பியைக் காட்டினேன். கையில் வாங்கிப் பார்த்தார். "எங்க அம்புட்டுப் பேரும் இதுக்குள்ளயா? எம்புட்டு லேசா இருக்கு" என்றார். அதற்கு மேல் என்னால் பிடிவாதம் பிடிக்க முடியவில்லை.

கணக்கு ஃபிளாப்பியை அவரிடமே கொடுத்திருக்கிறேன். யூனிக்ஸில் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டித்தான் அதில் கொண்டுவந்தேன், உங்கள் மெஷினில் பிரித்தேன். இப்போது பிரிக்க வேண்டாம். மூட்டைக்குள் என்னென்ன இருக்கிறது என்று மட்டும் காட்டும் கமாண்டைத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். அதில் இரவு ஷிப்டு இல்லையென்றால் தொலைத்தவள் நான். இருந்தால் எப்படிப் போயிற்று என்று நீங்கள் எனக்குச் சொல்ல வேண்டும்.

தங்கபாய்


ஸ்ரீவில்லிபுத்தூர்
10.8.1996, மாலை

தங்கம்,

இருக்கிறது. இரண்டும் இருக்கிறது.

பால்பாண்டி அண்ணன் வேனை அனுப்பிவிட்டுக் கடையிலேயே நின்றுவிட்டார். ராத்திரி முழுக்கத் தூங்காத மனிதர், ஸ்டூல் போட்டும் உட்காரவில்லை. நீ சொன்ன கமாண்டை அடித்தேன். மூட்டைக்குள் இருந்தவை திரையில் வரிசையாக வந்தன. அட்டெண்டன்ஸ் நைட், அதற்குக் கீழே அட்டெண்டன்ஸ் டே. இரண்டும் முழுப் பெயரோடு பத்திரமாக இருந்தன. பிறகு என் டிஸ்கில் பிரித்து வைத்ததைப் பார்த்தேன். அங்கே ஒன்றுதான் இருந்தது. அதன் பெயரும் பாதியில் நின்றிருந்தது.

டாஸ் ஒரு பெயரில் எட்டு எழுத்துக்கு மேல் வைத்துக்கொள்ளாது. ஆங்கிலத்தில் அட்டெண்டன்ஸ் என்று எழுதினாலே அந்த எட்டைத் தாண்டிவிடும். மிச்சத்தை அது வெட்டிவிடும். 'நைட்' வெட்டுப்பட்டது, 'டே'யும் வெட்டுப்பட்டது, இரண்டுக்கும் ஒரே பெயராகிவிட்டது. இரவு ஷிப்டு முதலில் வந்து உட்கார்ந்தது, பின்னால் வந்த பகல் ஷிப்டு அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டது. நீ எதையும் தொலைக்கவில்லை.

இரண்டையும் தனித்தனியாக, வேறு வேறு சின்னப் பெயரில் பிரித்தேன். பிறகு உன் கிரெப்பை ஓட்டினேன். பால்பாண்டி, பால்பாண்டி, பால்பாண்டி என்று திரை நிறைய ஓடியது. "இந்தா நிக்கம்லா!" என்று அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து டீக்கடையிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, இன்னொன்றும் வந்தது.

எட்டு எழுத்து என்பது டாஸில் வேலை செய்கிறவனுக்கு மூச்சு விடுவது போல. அதனால்தான் உன்னிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை. நீ உன் யூனிக்ஸ் பழக்கத்தில் தாராளமாகப் பெயர் வைத்தாய். என் டாஸ் 'இங்கே இது கூடாது' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சத்தமில்லாமல் வெட்டியது. அப்புறம் உன் கடிதத்தை எடுத்து அந்த நாற்காலி சமாச்சாரத்தைத் திரும்பப் படித்தேன். அழுதேன். எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் அழுதேன். அன்றைக்கு நான் சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

சங்கரலிங்கம் சாருக்குப் போன் செய்துவிட்டேன். "தப்பு பூராம் என் டாஸ் மேலதான் சார், அவ சாமான்ல ஒரு குத்தமும் இல்ல" என்று சொன்னேன். கணக்கு முழுமையாக அச்சாகி மில்லுக்குப் போய்விட்டது.

நீ வா.

பொன்னுராஜ்


ராஜபாளையம்
13.8.1996

அத்தான்,

கடிதத்தை வாசித்துவிட்டு அடுப்படியில் போய் நின்று நானும் அழுதேன். பிறகு கோபம் வந்தது. நீங்கள் எனக்காகப் பொய் சொல்லியிருக்கிறீர்கள்.

மூட்டையைப் பிரித்தது என் கருவி. அந்த இடத்தில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறதா என்று பார்க்காமல் மேலே எழுதியதும் அதுதான். பிரித்த பிறகு டிஸ்கில் என்ன இருக்கிறது என்று ஒரு தரம் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். பார்க்காதவள் நான். என் சாமான் தப்பே செய்யாது என்ற திமிர். அன்று எல்லாப் பழியையும் என் மேல் போட்டீர்கள். இன்று எல்லாவற்றையும் உங்கள் மேல் போட்டுக்கொள்கிறீர்கள். இரண்டிலும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அதனால் நேற்று நானே மில்லுக்குப் போனேன். டைம் ஆபீஸில் சங்கரலிங்கம் சாரிடம் டாஸ் எதை வெட்டியது, என் கருவி எதை மிதித்தது, நான் எதைப் பார்க்காமல் விட்டேன் என்று உள்ளபடி சொன்னேன். கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீ சொன்னதுல பாதி எனக்கு வெளங்கல. உன் வீட்டுக்காரன் அன்னைக்கு உன்மேல போட்டான், அப்புறம் தன்மேல போட்டுக்கிட்டான். நீ ஒருத்திதான் பங்கு பிரிச்சுச் சொல்லுத. இனி இந்த வேலைக்கு ஒப்பந்தக் காகிதத்துல உன் பேரு இருக்கட்டும்" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

யோசிக்கத்தான் முடியவில்லை. மெட்ராஸிலிருந்து வந்த கடிதம் தலையணைக்குக் கீழே இருக்கிறது. அங்கே முழுக்க யூனிக்ஸ்தான், யாரும் என்னை ஒரு மூலையில் உட்கார வைக்கமாட்டார்கள். "நீ வா" என்று இரண்டு எழுத்தில் கூப்பிடுகிறீர்கள். எங்கே வர? எதற்குள்ளே வர? திரும்பவும் ஒரு டைரக்டரிக்குள்ளேயா? ஒரு கோபம் வந்தால் யார் முன்னாலாவது அதை அழிப்பீர்கள். பழைய இடத்துக்கே திரும்பி வர எனக்குப் பயமாக இருக்கிறது.

தங்கபாய்


ஸ்ரீவில்லிபுத்தூர்
24.8.1996

தங்கம்,

பதில் எழுதப் பதினோரு நாள் ஆகிவிட்டது. கோபம் என்று நினைத்திருப்பாய். இல்லை. ஒரு வேலையில் இறங்கிவிட்டேன்.

கம்ப்யூட்டர் பத்திரிகை ஒன்றோடு சும்மா கொடுத்த லினக்ஸ் சிடி ஒன்று மதுரையில் ஒரு நண்பரிடம் இருந்தது. யூனிக்ஸின் தம்பி மாதிரி என்றார். சிடி டிரைவையும் இரவல் வாங்கி வந்து, கடையில் இருக்கும் பெரிய மெஷினிலிருந்து டாஸை மொத்தமாகத் துடைத்துவிட்டு அதை ஏற்றினேன். ஏற்றினேன் என்று ஒரு வார்த்தையில் எழுதிவிட்டேன். கரண்டு போய்ப் போய் வந்ததில் எத்தனை தடவை முதலிலிருந்து ஆரம்பித்தேன் என்று கேட்காதே. அம்மா சாப்பாட்டைக் கடைக்கே கொண்டுவந்து வைத்துவிட்டு, "அந்தப் பிள்ள வந்தாத்தான் இவனுக்குப் புத்தி தெளியும்" என்று டீக்கடைக்காரரிடம் சொன்னாளாம்.

இப்போது அந்த மெஷின் முழுக்க உன் யூனிக்ஸ் பாஷைதான். என் கணக்கு புரோகிராம் எல்லாம் டாஸ் இல்லாமல் ஓடாது. அதற்கு டாஸ் மாதிரி நடிக்கிற ஒன்று அதற்குள்ளேயே இருக்கிறது. அந்த மூலையில் உட்கார்ந்து வேலை பார்க்கிறேன். பிரிண்டர் அரைப் பக்கத்தில் நின்றுவிடுகிறது. அச்சடிக்க வந்த பத்திர எழுத்தர் ஒருவர் முக்கால் மணி நேரம் காத்திருந்துவிட்டுத் திட்டிக்கொண்டே போனார். பரவாயில்லை. சாய்கோடு இப்போது தானாகவே உன் பக்கம் சாய்கிறது.

ஒன்றும் சொல்லப் போவதில்லை என்று முன்னால் எழுதினேன். அது பொய். நீ மெட்ராஸ் போக வேண்டாம். போய்த்தான் ஆக வேண்டும் என்றால் கடையை ஏறக்கட்டிவிட்டு நானும் வருகிறேன். அங்கே உன் ஊரில் நான் ஒரு மூலையில் இருந்துகொள்கிறேன்.

பொன்னுராஜ்


ராஜபாளையம்
27.8.1996

அத்தான்,

முதலில் அந்த மெஷினைப் பழையபடி டாஸுக்கு மாற்றுங்கள். லினக்ஸை ஓரத்தில் இருக்கிற பழைய மெஷினில் போட்டுக்கொள்வோம், ஆற அமர இருவருமாகக் கற்றுக்கொள்ளலாம்.

நீங்கள் செய்ததைப் படித்துவிட்டு மாடிக்கு ஓடிப்போய் நின்றேன். எனக்காக ஒருவர் இவ்வளவு மெனக்கெட்டது இதுவரை இல்லை. ஆனால் அரைப் பக்கத்தில் பிரிண்டர் நின்றதும் நீங்கள் எப்படி முழித்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். இன்னொருத்தர் இடத்தில் நம் கை ஓடாமல் நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். அந்த இடத்தில் உங்களை உட்கார வைத்து வேடிக்கை பார்க்க எனக்கு மனசு வரவில்லை. கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் டாஸை நம்பி வருகிறவர்கள். பத்திர எழுத்தரைக் கூப்பிட்டுச் சமாதானம் சொல்லுங்கள்.

மெட்ராஸுக்கு வரவில்லை என்று காலையில் எழுதித் தபாலில் சேர்த்துவிட்டேன். நீங்கள் மெஷினைத் துடைத்ததற்காக அல்ல. சங்கரலிங்கம் சாரிடம் போய் மில் வேலையை என் பெயரில் வாங்கிக்கொண்டேன், நேற்றுக் கையெழுத்துப் போட்டாயிற்று. அதை விட்டுப் போக எனக்கு மனமில்லை. உங்களை விட்டுப் போகவும் மனமில்லை. இதை எழுதாமல் விட்டால், வாயைத் திறக்காதவள் என்று திரும்பவும் சொல்வீர்கள்.

நிரந்தரப் பட்டியல் ஒட்டிவிட்டார்கள். பால்பாண்டி அண்ணன் பெயர் இருக்கிறது. மிட்டாய் வாங்கிக் கொடுத்துவிட்டு, "இனிமே உங்க லெட்டர வேற ஆள்ட்ட குடுத்தனுப்புங்க தங்கச்சி, எனக்கு வேன்ல தூக்கம் கெடுது" என்கிறார்.

வெள்ளிக்கிழமை காலையில் வருகிறேன். வீட்டுக்கு இல்லை, நேராகக் கடைக்கு. வேலை என் பெயரில், மெஷின் உங்களுடையது, அதில் எனக்கு ஒரு டைரக்டரி. டாஸுக்குள்தான் திரும்பவும் குடியிருக்கப் போகிறேன், இந்தத் தடவை நானே தெரிந்து வருகிறேன். எட்டு எழுத்துக்குள் பெயர் வைக்கிறேன். அது உங்கள் இடத்து வழக்கம், தெரிந்த பிறகு மீறமாட்டேன். தெரியாத வழக்கம் இன்னும் எத்தனை இருக்கிறதோ! அன்று சாயங்காலம் அத்தையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அத்தனையையும் சொல்லுங்கள். என்னுடையதையும் நான் சொல்கிறேன். கேட்க உங்களுக்குப் பிடிக்காது, இருந்தாலும் கேட்க வேண்டும்.

அதன் பிறகும் என்னுடையது எதையாவது வெட்டித்தான் ஆக வேண்டும் என்று ஒரு நாள் வரும். வராமல் இருக்காது. அன்றைக்கு என்னைக் கூப்பிட்டு, என் முகத்தைப் பார்த்து, "வெட்டப் போறேன்" என்று சொல்லிவிட்டு வெட்டுங்கள். நான் சண்டை போடுவேன். அங்கேயே நின்று போடுவேன்.

தங்கபாய்